மூன்று முறை கூப்பிட்டேன்

எங்கள் தென்காசிக் கோர்ட்டுக் கச்சேரிக்குச் சரித்திரம் எழுதப் போகிறார்களாம். கோர்ட்டு புதுக் கட்டடத்துக்குப் போகிறது, பழசைப் பற்றி நாலு பக்கம் அச்சடித்து விழாவில் கொடுக்க வேண்டுமாம். சின்ன வக்கீல் ஒருவர் நோட்டும் பேனாவுமாக என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“கடற்கரை அண்ணாச்சி, முப்பத்தோரு வருசம் அங்கன டவாலியா இருந்திருக்கீய. உங்களுக்குத் தெரியாததா? சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். அஸ்திவாரம் போட்ட வருஷம், கூரைக்குத் தேக்கு வந்த கதை, வராந்தாவில் பன்னிரண்டு தூண் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று மட்டும் நிற்பதற்கான காரணம், எல்லாம் சொன்னேன். பன்னிரண்டாவது தூணுக்கு வந்த கல்லைக் காண்டிராக்டர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆட்டுரல் கொத்திக்கொண்டான் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். சாரல் காலத்தில் ரெக்கார்டு அறை ஒழுகி, தஸ்தாவேஜுகள் நனைந்து, அடுப்பில் காட்டி உலர்த்தியதையும் சொன்னேன். கடைசியில், “இன்னும் சுவாரஸ்யமா ஏதாவது உண்டா?” என்று கேட்டாரே பார்க்கலாம், எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது.

“சுவாரஸ்யம் வேணும்னா நாடகக் கொட்டகைக்குப் போங்க” என்று அனுப்பிவிட்டேன்.

பாவம், அவர் மேல் தப்பில்லை. அவர் கேட்டது கட்டடத்தின் சரித்திரம். எனக்குத் தெரிந்தது வேறு. அதை எந்த விழாவிலும் அச்சடித்துக் கொடுக்க மாட்டார்கள். பதினாலு வருஷமாக அது என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. இப்போது சொல்லித் தொலைத்துவிடுகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

டவாலி வேலை என்றால் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. சிவப்புப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, பித்தளை வில்லையைத் துடைத்து மினுக்கிக்கொண்டு, வராந்தாவில் நின்று பெயர் கூப்பிட வேண்டும். வாதியை மூன்று முறை, பிரதிவாதியை மூன்று முறை. மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வராவிட்டால் உள்ளே ஜட்ஜாக உட்கார்ந்திருக்கிற முன்சீப்பு ‘எக்ஸ்பார்ட்டி’ என்று ஒரு சொல் சொல்லுவார். எதிராளி கேட்டதெல்லாம் எதிராளிக்கு. அந்த ஒரு சொல்லில் எத்தனை வீடும் வயலும் கைமாறிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்! அதனால் எனக்கு என் தொண்டை மேல் ஒரு கர்வம் இருந்தது. நான் கூப்பிட்டால் பெரிய கோயில் வாசல் வரை கேட்கும் என்பார்கள். “கடற்கரை கூப்பிட்டும் ஒருத்தன் வரலைன்னா அவன் ஊரிலேயே இல்லைன்னு அர்த்தம்” என்று முன்சீப்பே ஒரு நாள் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சைக் கேட்டு அன்று நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். மடையன்!

இப்போது அந்த முன்சீப்புக்கு வருகிறேன். நல்லவர்தான், ஆனால் உஷ்ண தேகம். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் அவருக்குத் தென்காசியில் இருப்புக் கொள்ளாது. மேலே எழுதி அனுமதி வாங்கி, ஆனி ஆடி இரண்டு மாசமும் திங்கள், வியாழன் இரண்டு நாள் குற்றாலத்து பங்களா ஒன்றில் கோர்ட்டு நடத்துவார். மேஜை, நாற்காலி, கட்டு, முத்திரை எல்லாம் மாட்டு வண்டியில் ஏறிப் போகும். ஸ்டாம்பு விற்கிறவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவான். வக்கீல்களுக்குக் கொண்டாட்டம், காலையில் அருவி, பன்னிரண்டு மணிக்குக் கோர்ட்டு. வழக்காடுகிற ஜனங்களுக்குத்தான் திண்டாட்டம். எங்கே போவது என்று தெரியாமல் பாதிப் பேர் தென்காசிக்கே வந்து நிற்பார்கள். கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். யார் படிப்பது?

அதற்காக ஒரு ஏற்பாடு செய்தார்கள். குற்றாலத்தில் கோர்ட்டு நடக்கிற காம்ப்பு நாளில் டவாலி காலை பத்து மணிக்குத் தென்காசிக் கச்சேரி வராந்தாவில் நின்று, அன்றைய பட்டியலில் உள்ள பெயர்களை மூன்று முறை கூப்பிட்டு, “கோர்ட்டு இன்னைக்குக் குற்றாலத்துல, உடனே போங்க” என்று சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சியாக, கோர்ட்டோடு குற்றாலம் போகிற ஒரு புஸ்தகத்தில் ‘தென்காசியில் மும்முறை கூப்பிடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூப்பிட்டு முடித்ததும் மூன்று மைல் நடந்து குற்றாலம் போய், பன்னிரண்டு மணிக்கு அங்கேயும் அதே மாதிரி கூப்பிட வேண்டும். மழையிலும் சேற்றிலும் அந்த மூன்று மைலை நான்தான் நடந்தேன். குற்றாலத்தில் ஊரே குளித்துக்கொண்டிருக்கும். எண்ணெய் தேய்த்த உடம்போடு ராஜா மாதிரி அருவிக்குப் போவார்கள். நான் வேர்த்துப்போய் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பங்களா வாசலில் நிற்பேன். நான் சொல்லப் போகிற நாள் வரைக்கும் பத்தொன்பது வருஷ வேலையில் ஒரு சீசனில்கூட நான் அருவியில் ஆசை தீரக் குளித்ததில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் முப்பிடாதியம்மாள் வழக்கு நடந்தது. குத்துக்கல்வலசைக்காரி. அப்போது முப்பது வயசு இருக்கும். புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். எட்டு வயசில் ஒரே ஒரு பெண். இருந்தது ஒரு ஓட்டு வீடும், கோயிலுக்குக் கிழக்கே பத்து மரக்கால் விதைப்பாடு வயலும்தான். புருஷனும் அவன் தம்பி சுடலையாண்டியும் பாகம் பிரித்துக்கொண்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் பிரிவினையை எழுத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அண்ணன் செத்த ஆறாம் மாசம் சுடலையாண்டி, “பாகமே பிரிக்கலை, எல்லாம் கூட்டுச் சொத்து, வீடும் வயலும் எனக்குத்தான்” என்று வழக்குப் போட்டுவிட்டான். அவள் பக்கம் நியாயம் இருந்தது. வயலை அளந்து கொடுத்த ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். வழக்கு ஒழுங்காக நடந்திருந்தால் அவள்தான் ஜெயித்திருப்பாள். கச்சேரியில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒன்பது மணிக்கே வந்துவிடுவாள். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள், அந்த நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

“போயி ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டு வா தாயி. நான் கூப்பிடாமலா போயிருவேன்?” என்று நானே ஒரு நாள் சொன்னேன்.

“நீங்க கூப்பிடாம விட மாட்டீய அண்ணாச்சி. அந்தத் தைரியத்துலதான் இங்கன உக்காந்திருக்கேன்” என்றாள்.

ஆடி மாசம் ஒரு புதன்கிழமை அவள் வழக்குக்கு வாய்தா போட்டிருந்தது. புதன்கிழமை தென்காசியில்தான் கோர்ட்டு. ஆனால் முன்சீப்பு வீட்டுக்கு யாரோ விருந்தாளிகள் வந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நாளைக்கும் குற்றாலத்திலேயே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். நோட்டீஸ் ஒட்டியாயிற்று. வக்கீல் குமாஸ்தாக்கள் அவரவர் கட்சிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். முப்பிடாதியின் வக்கீல் சங்கரநாராயணன் வேறு வழக்குக்காகச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே குமாஸ்தாவோடு திருநெல்வேலி போய்விட்டார், அதனால் அவளுக்குச் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. “நீ போய் நேரில் நின்று வாய்தா கேள், கொடுப்பார்கள்” என்று முன்னாலேயே அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அவள் பேச வேண்டியதுகூட இல்லை. கூப்பிடும்போது எழுந்து நின்றால் போதும்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. உள்ளே சுடலையாண்டி.

“அண்ணாச்சி, குற்றாலத்துக்குத்தானே? நானும் அங்கன குளிக்கத்தான் போறேன். ஏறுங்க. இந்தச் சேத்துல நடக்கவா போறீய?”

“நான் பத்து மணிக்குக் கச்சேரியில கூப்பிட்டுட்டுல்லா வரணும்” என்றேன்.

“அங்கன யாரு இருக்கப் போறா? எல்லாருக்கும் நேத்தே சொல்லியாச்சு. ஒரு ஈ காக்கா இருக்காது. அருவியில தண்ணி நல்லா விழுதாம். எண்ணெய்க் கிண்ணம் வண்டியிலேயே இருக்கு. கூட்டம் வருமுன்னே ஒரு முங்கு போட்டுட்டு, தெம்பாப் போயி நில்லுங்களேன். என்ன குறைஞ்சு போச்சு?”

நான் காசுக்கு மயங்குகிறவன் இல்லை. காசு நீட்டியிருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன், அதில் எனக்கு ரோஷம் அதிகம். ஆனால் அவன் காசு நீட்டவில்லை. குளிர்ந்த சாரல் முகத்தில் அடிக்கிறது, எண்ணெய் வாசனை வருகிறது, பத்தொன்பது வருஷத்து ஆசை. எல்லோருக்கும் சொல்லியிருப்பார்கள் என்று நானும் நம்பிக்கொண்டேன். பட்டியல் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறிவிட்டேன்.

குளியல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

பன்னிரண்டு மணிக்குப் பங்களா வாசலில் பட்டியலைப் பிரித்தேன். முதல் இரண்டு வழக்கும் முடிந்தன. மூன்றாவது வழக்கின் பெயரைப் படித்தேன். சுடலையாண்டி வாதி, முப்பிடாதியம்மாள் பிரதிவாதி. திரும்பிப் பார்த்தேன். அவன் தலை வாரி, விபூதி பூசி, தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் வில்வண்டி ஏன் வந்தது என்று எனக்கு விளங்கியது.

“குத்துக்கல்வலசை முப்பிடாதியம்மாள்!” என்று கூப்பிட்டேன். இரண்டாம் முறை இன்னும் பலமாக. மூன்றாம் முறை என் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அருவி இரைச்சலையும் மீறிக் கேட்டிருக்கும். மூன்று மைலுக்கு அப்பால் இருக்கிறவளுக்குக் கேட்குமா?

முன்சீப்பு என்னைப் பார்த்து, “காலையில் தென்காசியில் கூப்பிட்டாயா?” என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். “கூப்பிட்டேனுங்க” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. புஸ்தகத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். அவர் அந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

வேலை முடிந்ததும் தென்காசிக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். மணி ஐந்து இருக்கும். கச்சேரி பூட்டிக் கிடந்தது. சாரலில் வராந்தா முழுக்க ஈரம். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வந்துட்டீயளா? இன்னைக்குக் கோர்ட்டு இல்லையா அண்ணாச்சி? ஒருத்தரையும் காணலியே.”

“குற்றாலத்துல நடந்துச்சு. உன் கேசு முடிஞ்சு போச்சு.”

“எப்படி முடியும்? நீங்க கூப்பிடலியே?”

நான் அந்த இடத்தில் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் முன்சீப்பிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால், எனக்கு வேலை போயிருக்கும், அவளுக்கு வழக்குத் திரும்பியிருக்கும். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டிய வீடு என்னுடையது. பொய்க் கையெழுத்துக்கு ஜெயில்கூட உண்டு. பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும், அது என் பிறவிக் குணம்.

“காலையிலேயே கூப்பிட்டேனே! மூணு தடவை கூப்பிட்டேன். நீ எங்கன போயிருந்தே?” என்று அதட்டினேன்.

“நான் ஒம்பது மணியிலேருந்து இங்கனயேதான்…”

“அப்பம் நான் பொய் சொல்லுதேனா?”

என் வயசு, என் பட்டை, என் குரல் மூன்றும் சேர்ந்து அவளை அடக்கிவிட்டன. எழுந்து ஈரப் புடவையோடு நடந்து போனாள்.

சங்கரநாராயணன் திருநெல்வேலியிலிருந்து வந்ததும் குதித்தார். எக்ஸ்பார்ட்டியை ரத்து செய்ய வேண்டும், தென்காசியில் கூப்பிடவே இல்லை என்று மனுப் போட்டார். புரட்டாசியில் விசாரணை வந்தது. அதற்குள் சீசன் முடிந்து கோர்ட்டு கச்சேரிக்கே திரும்பியிருந்தது. மனுவில் சாட்சி யார்? நான்தான். என் பெயரைக் கூப்பிட என்னோடு வேலை பார்த்த சேவகன் சேக் தாவூதை நிறுத்தினார்கள். அவன் மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. முதல் முறைக்கே போய்க் கூண்டில் ஏறினேன்.

பிரமாணம் சொல்லிக் கொடுப்பதும் டவாலி வேலைதான். “கடவுள் சாட்சியாக, நான் சொல்வதெல்லாம் உண்மை” என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று தாவூது எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அவன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நானும் தடங்கல் இல்லாமல் திருப்பிச் சொன்னேன்.

நான் கூண்டேறும் முன்பே அவளை விசாரித்திருந்தார்கள். எதிர் வக்கீல் கெட்டிக்காரர். சத்தமே போடாமல் கேட்டார்.

“அதுக்கு முந்தின நாள் என்ன வேலை செய்தாயம்மா?”

“நடவு ஐயா. பொழுது சாயுத வரைக்கும் நடவு.”

“ராத்திரி நன்றாகத் தூங்கினாயா?”

“கேசை நெனைச்சுத் தூக்கம் வரலை.”

“காலையில் கச்சேரியில் சாரல், குளிர்ந்த காற்று. தூணில் சாய்ந்துதானே இருந்தாய்? கண்ணை மூடவே இல்லையா?”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத ஜன்மம்.

“ஒரு நிமிசம் கண்ணை மூடியிருப்பேன் ஐயா. தூங்கலை.”

பிறகு கூண்டில் நின்ற என்னிடம் ஒரே கேள்வி. கூப்பிட்டாயா?

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் சந்தேகமோ கோபமோ இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எப்படியும் நான் சரியாகச் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கைதான் அந்தப் பார்வையில் இருந்தது.

“மூன்று முறை கூப்பிட்டேன்” என்றேன்.

சங்கரநாராயணன் எழுந்து என்னை மடக்கிக் கேட்கத் தயாரானார். அவர் நன்றாகக் கேட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். பத்து மணிக்கு வராந்தாவில் நின்றதாகச் சொன்னவன் அந்த நேரத்தில் குற்றாலத்தில் இருந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர் வாயைத் திறக்குமுன் அவள் குரல் கேட்டது.

“வேண்டாம் ஐயா. அண்ணாச்சி கூப்பிட்டேங்காவளே. சாமி மேல சத்தியம் பண்ணிட்டுல்லா சொல்லுதாவ. அப்பம் நான்தான் தூங்கிட்டேன் போலிருக்கு.”

“முப்பிடாதி, பேசாமல் இரு!” என்று வக்கீல் கத்தினார்.

“இல்லைய்யா. அவிய எதுக்குப் பொய் சொல்லணும்? அவியளுக்கும் எனக்கும் என்ன பகை? நான்தான். அசந்துட்டேன்.”

கோர்ட்டில் சிரிப்புக்கூட வரவில்லை. முன்சீப்பு பேனாவைக் கீழே வைத்தார். தூங்கிவிட்டேன் என்று பிரதிவாதியே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? மனு தள்ளுபடி.

நான் வெளியே வந்தபோது அவள் வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. வக்கீலய்யா சொன்னாவன்னு உங்களைப் போயிக் கூண்டுல ஏத்திட்டேன். நாலு பேரு முன்னால உங்களுக்கு அசிங்கம்.”

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது. “சரி சரி, போ” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த வருஷம் ஐப்பசியிலேயே கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றுகிற அமீனா போய் வீட்டைச் சுடலையாண்டி வசம் ஒப்படைத்தார். பாத்திரங்களை ஒரு கடகத்தில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, இலத்தூரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனாள் என்று அமீனா வந்து சொன்னார். அழுதாளா என்று கேட்டேன். அழவில்லை, “தூங்குனவளுக்கு இதுதான்” என்று சொல்லிக்கொண்டே போனாள் என்றார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அதே வராந்தாவில் நின்று பெயர் கூப்பிட்டேன். என் தொண்டையை எல்லோரும் புகழ்ந்தார்கள். பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தேன். பென்ஷன் வாங்கினேன். போன வருஷம் என் பெண்சாதி வடிவம்மாளும் போய்ச் சேர்ந்தாள். இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று ஆன பிறகுதான் எனக்கு உண்மை பேசத் தைரியம் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

போன மாசம் இலத்தூருக்குப் போனேன். அண்ணன் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் ஒரு பக்கம் சுவர் வைத்து அடைத்துக் கொடுத்திருந்தார்கள். அதுதான் வீடு. முப்பிடாதி வாசலில் உட்கார்ந்து சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்துநாலு வயசுக்காரி, அறுபது போல இருந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

“டவாலி அண்ணாச்சியா? வாங்க, வாங்க. இம்புட்டு தூரம் நடந்தா வந்தீய? ஏட்டி ஆவுடை, கச்சேரி அண்ணாச்சி வந்திருக்காவ. குடிக்க மோரு கொண்டா.”

உள்ளே இருந்து ஒரு இளம்பெண் எட்டிப் பார்த்தாள். கழுத்தும் நெற்றியும் வெறுமையாக இருந்தன. அன்று எட்டு வயசாக இருந்த ஆவுடைத்தாய். “எந்தக் கச்சேரி அண்ணாச்சி? நீ தூங்கும்போது கூப்பிட்டாவளே, அவியளா?” என்றாள்.

“ஆமாட்டி, அவியதான்” என்று தாய்க்காரி சிரித்தாள். பழகிப்போன சிரிப்பு.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன்.

“தாயி, நீ அன்னைக்குத் தூங்கலை. நான் கூப்பிடவே இல்லை. கச்சேரிப் பக்கமே வரலை. உன் கொழுந்தன் வண்டியில ஏறி அருவிக்குக் குளிக்கப் போயிட்டேன். கூண்டுல நின்னு நான் சொன்னது முழுப் பொய்.”

சுளகு அவள் கையில் அப்படியே நின்றது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

“வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்தப் பழி? என் மனசு ஆறணும்னுட்டு வந்து சொல்லுதீய. எனக்குத் தெரியாதா? நல்ல மனசு உங்களுக்கு.”

“ஐயோ, நிசமாத்தான் சொல்லுதேன் தாயி!”

“சாமி மேல சத்தியம் பண்ணிச் சொன்னீயளே, அது பொய்யாப் போகுமா? தூங்குனது நானு. என் உடம்பு எனக்குத் தெரியும். ஒரு நிமிசம்னு நெனைச்சேன், அசந்துட்டேன். உக்காருங்க, மோரு வரும்.”

நான் கத்தினேன். என் பிள்ளைகள் மேல் ஆணையிட்டேன். அவள் அடம்பிடிக்கிற குழந்தையைச் சமாதானப்படுத்துவது மாதிரி “சரி, சரி” என்று சொல்லிவிட்டு உளுந்தைப் புடைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஆவுடைத்தாய் கையில் செம்போடு நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் நம்பிவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அது தெரிந்தது. நான் திரும்பி நடந்தேன். தெருமுனை வரை பின்னாலேயே வந்தாள்.

“நில்லுங்க” என்றாள். நின்றேன்.

“மாமா மகனுக்கு என்னைப் பேசி வச்சிருந்தாவ. வயலு போச்சுன்னதும் வேண்டாம்னுட்டாவ. கெழவனுக்குக் கட்டிக் குடுத்தாவ. ரெண்டு வருசத்துல தாலியறுத்துட்டு வந்தேன். வந்த அன்னைக்கு அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சு அழ வந்தா. ‘தொடாதே, நீ தூங்குனதுக்குத்தான் நான் இப்படி நிக்கேன்’னு தள்ளிவிட்டேன். பதினாலு வருசம் அண்ணாச்சி. அவளைத் தூங்குமூஞ்சின்னு சொல்லாம ஒரு நாளு விட்டதில்லை. பகல்ல கண்ணு அசந்தா தண்ணியை எடுத்து மூஞ்சில ஊத்தியிருக்கேன். இப்பம் அவ பகல்ல படுக்குறதே இல்லை. காய்ச்சல் வந்தாலும் உக்காந்துதான் கெடப்பா.”

செம்பிலிருந்த மோரைத் தெருவில் கவிழ்த்தாள்.

“இனி நான் போயி அவகிட்ட என்னத்தைச் சொல்ல? நான் சொன்னாலும் நம்ப மாட்டா. அன்னைக்கே சொல்லியிருந்தீயன்னா எங்களுக்கு வீடாவது இருந்திருக்கும். இல்லை, சொல்லாமலே செத்துத் தொலைஞ்சிருந்தீயன்னா, அவ தூங்கிட்டான்னே நானும் இருந்திருப்பேன். இப்பம் வந்து எதுக்குச் சொன்னீய?”

அவள் காலிச் செம்போடு வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள்.